மாமியாரோடு ஒரு ஜல்சாவுக்கு

தொண்ணூறுகளின் தொடக்கம். கணவருக்கு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. பக்கத்து மேசை ஷமீம் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்து அழைத்தாள்: “ஞாயித்துக்கெழம எங்க ஊட்ல ஜல்சா கீது. கண்டிப்பா வந்துரு.”

விருதுநகர்க்காரரான என் மாமியாருக்கு முகம் மாறிவிட்டது. எங்களுக்குத் தெரிந்த ஜல்சா, கூத்தும் கும்மாளமும்தான். அவள் போனதும், “குடும்பப் பொம்பள போற எடமா அது?” என்றார். நான் பிடிவாதமாக நின்றதால், காவலுக்குத் தானும் கிளம்பினார்.

ஆவடியில் பேருந்து ஏறினால் பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம் வழியாக ஷமீம் குடியிருந்த கரையான்சாவடி. பத்து கிலோமீட்டர் இருக்கும். அங்கே இறங்கி, ஜல்சா நடக்கும் வீட்டுக்கு வழி கேட்டோம். ரிக்‌ஷாக்காரர் அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். “நீயுமாம்மா?” அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

மாடியில் பாய் விரித்து, அத்தர் மணக்க, பெண்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஷமீம்தான் விளக்கினாள்: உருதுவில் ஜல்சா என்றால் கூட்டம். அரபியில் அதன் வேர், உட்காருவது. கும்மாளமெல்லாம் தெருவில் ஒட்டிக்கொண்ட அர்த்தம்.

அன்றைய கூட்டம், அந்த மாடியில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு தொடங்க. மகள்களை அனுப்ப அம்மாக்கள் அதுவரை மறுத்து வந்தார்கள். ஷமீம் பேசினாள்: “நானும் டெய்லி அம்பத்தூர் போய் வந்துகினுதான் கீறேன். எம் மானம் எங்கியும் போவல. உங்க பொண்ணுங்க இந்த மாடி வரைக்கும் வரட்டும்.”

ஓரிருவர் கிளம்ப முக்காட்டைச் சரிசெய்தார்கள். ஷமீமின் கண் கலங்கியது. என் பக்கத்திலிருந்து அத்தை எழுந்தார்.

“இவள வேலைக்கு விடமாட்டேன்னு நின்னவ நான். இன்னைக்கு இவளால எங்க வீடு நிமிந்து நிக்குது. அனுப்புங்கம்மா.”

முதலில் ஒருத்தி மகளின் பெயரைச் சொன்னாள். பிறகு இன்னொருத்தி. தேநீர் வருவதற்குள் வகுப்புக்கு இடம் போதாது என்கிற நிலை. ஷமீம் அத்தையைக் கட்டிக்கொண்டாள்.

திரும்பும் பேருந்தில், எங்கே போய் வருகிறீர்கள் என்று ஒரு அம்மாள் கேட்டார். “ஜல்சாவுக்கு,” என்றார் அத்தை, பேருந்துக்கே கேட்கும்படி.

அந்தப் பக்கம் போகிறவர்கள் பூந்தமல்லி வரை போகாமல் கரையான்சாவடியிலேயே இறங்குங்கள். அங்கிருந்து பூந்தமல்லிக் கடைத்தெரு நடக்கிற தூரம்தான். யாராவது ஜல்சாவுக்கு அழைத்தால் தயங்காதீர்கள். தரையில் உட்கார வசதியான சேலையாகக் கட்டிக்கொள்ளுங்கள், எழுந்து பேசவும் வேண்டியிருக்கும்.