நான் நீக்கிய கிரேக்க அடிமை

அன்று கடையில் இருந்தது மூன்று பேர். கணினி முன்னால் நான், ஜெராக்ஸ் மெஷின் பக்கம் என் மனைவியின் தம்பி, என் எதிரில், தபால் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்கு கைடு எழுதி விற்கும் ஒரு சார்.

சிதம்பரத்தில் எனக்கு டைப்பிங் கடை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். அடிக்க வரும் தாள்கள்தான் என் படிப்பு. சாரின் தாளில் லத்தீன் இலக்கியம் எப்படித் தொடங்கியது என்று இருந்தது. லத்தீனில் முதன்முதலில் எழுதியவர் ரோமாபுரிக்காரரே இல்லையாம். போரில் பிடிபட்டு அடிமையாக வந்த கிரேக்கராம். தன் நாட்டுக் கடற்பயணக் கதையையும் நாடகங்களையும் லத்தீனில் சொன்னாராம். அந்தப் பத்தியை அடிக்கும்போது இரண்டு முறை நின்று படித்தேன்.

சார் வடையைத் தின்றுகொண்டே பிழை பார்த்தார். எண்ணெய் விரலை அந்தப் பக்கத்திலேயே துடைத்தார். கிரேக்கரை எடுத்துவிட்டு, ரோமாபுரிப் புலவர் ஒருவர் சொந்தமாகப் பாடியதாகப் போடச் சொன்னார்.

"நீங்கதான சார் எழுதியிருக்கீங்க?"

"ஒரு மொழி இரவல் வாங்கித்தான் ஆரம்பிச்சுதுன்னு போட்டா, நாளைக்கு நம்ம மொழியையும் அப்படிக் கேப்பானுங்க. எவன் சரிபாக்கப் போறான்? தூக்குய்யா."

அவர் வேறு கடைக்குப் போய்விட்டால் வாடகைக்கு என்ன செய்வது என்ற பயம். தூக்கினேன். ஜெராக்ஸ் இரைச்சலில் மச்சான் காதில் எதுவும் விழவில்லை.

மச்சானும் தபால் வழியில்தான் படித்தான். அந்த கைடுக்குரிய தேர்வை மூன்றாம் முறையாக எழுத இருந்தான். தேறினால்தான் பட்டம், பட்டம் இருந்தால்தான் கடலூரில் சொல்லி வைத்திருந்த வேலை. அந்த கைடைத்தான் படித்தான். சொல்லிவிடலாமா என்று தினமும் நினைப்பேன். திருத்துகிறவரும் இதே கைடை வைத்துத் திருத்தினால், உண்மையைச் சொல்லி நானே கெடுத்ததாகிவிடுமே என்று வாயை மூடிக்கொள்வேன்.

கடலூரில் தேர்வு. நான்தான் பஸ்ஸில் அழைத்துப் போனேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"மாமா, நீ அடிச்சதே வந்துச்சு. லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் என்ன உறவுன்னு. ஒண்ணுமே இல்லன்னு நாலு பக்கம் எழுதிட்டேன்."

டீ வாங்கினேன். என் டம்ளரையும் அவனிடமே நீட்டினேன்.

தேறவில்லை. தன் கையெழுத்துதான் காரணம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். கைடு இன்னும் விற்கிறது. சாரைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். அவர் முகத்தைப் பார்த்தாலே அந்த எண்ணெய்க் கறை என் விரலில் பிசுபிசுக்கிறது. டைப்பிங் கூலியைக் கேட்கவும் நாக்கு கூசுகிறது. பாக்கி ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.