எரிகோ சாலைக்கு நான் சொன்ன விளக்கம்

எங்கள் அன்பியத்தில் ஒன்பது வீடுகள். பத்து பெரண்டாம் என்ற ஊரில், பக்கத்துப் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் இருக்கும் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள். புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு, முறை வைத்து ஒரு வீட்டில் கூடுவோம். வருகிற ஞாயிறு கோவிலில் வாசிக்கப்போகும் நற்செய்தியை எடுத்து வாசிப்போம். யார் வீட்டில் கூட்டமோ அவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும். ஆகவே என் முறை ஒன்பது வாரத்துக்கு ஒரு தடவை வரும். மீதி எட்டு வாரமும் என் வீட்டில் என் குரலைத் தவிர வேறு குரல் கேட்காது. அதுவும் மகன் பெர்த்திலிருந்து கூப்பிட்டால்தான். சராசரியாக ஏழு நிமிடம் பேசுவான்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. ரப்பர்த் தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டு கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். பால் எடை, ஆள் கணக்கு, மரக் கணக்கு என்று எண்ணி எண்ணியே பழகிய மூளை. தோட்ட வேலை போன பிறகும் அது ஓயவில்லை. படிக்கட்டு, மின்விசிறி, பூசையில் இருமுகிறவர்கள் என்று எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் கோவில் மண்டபத்தில் ஆறு சனிக்கிழமை நடந்த வகுப்பு எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. ஆதித் திருச்சபையில் வேதத்தை எப்படி வாசித்தார்கள் என்பது பற்றிய வகுப்பு. முதல் வாரம் பதினேழு பேர், கடைசி வாரம் ஐந்து பேர். பாடம் நடத்திய வயதான குரு மெல்லப் பேசுவார். அலெக்சாந்திரியா நகரத்து ஆசிரியர்கள் எழுத்துக்கு அடியில் இன்னொரு பொருள் மறைந்திருப்பதாக நம்பினார்கள் என்றார். மனிதனுக்கு உடல், மனம், ஆவி என்று மூன்று இருப்பதுபோல வசனத்துக்கும் மூன்று அடுக்கு உண்டு என்றார்கள். அந்தியோகியாவில் இருந்தவர்களுக்கு இதில் சந்தேகம். நடந்தது நடந்ததுதான், அதை முதலில் அப்படியே வாசி, உயர்ந்த பொருள் இருந்தால் அது அந்த நடப்பின் மேல்தான் நிற்க வேண்டும் என்றார்கள். வலையில் அகப்பட்ட நூற்று ஐம்பத்து மூன்று மீனுக்குக்கூடக் கணக்குச் சொன்னவர்கள் இருந்திருக்கிறார்கள். ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் அந்த எண் வரும். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன், வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

இந்த ஆண்டின் வாசகப் பட்டியல் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது என் முறை எந்த நற்செய்திக்கு விழுகிறது என்பதைத்தான். பதினெட்டு வாரம் தள்ளி, எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் கள்வர் கையில் அடிபட்டுக் கிடந்தவனின் கதை என் வீட்டுக்கு வந்தது. குரு ஒருவரும் ஆலயப் பணி செய்யும் லேவியர் ஒருவரும் பார்த்தும் விலகிப் போகிறார்கள். அந்நியனான சமாரியன் நின்று தூக்கிவிடுகிறான். எனக்கு அந்தக் கதை வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுக்கு முன் என் மனைவியின் நாற்பதாம் நாள் பூசை முடிந்தது. மறுநாள் காலை மகனைப் புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் ஏற்றிவிட்டுக் காரில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். அலோர் காஜா போகும் சாலையில், செம்பனைத் தோப்பு ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. சாலையெல்லாம் மங்குஸ்தான் பழம் சிதறியிருந்தது. கால்வாய் ஓரத்தில் ஒருவர் விழுந்திருந்தார். வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். மூன்று பேர் சுற்றி நின்றார்கள். மூன்று பேர் போதும் என்று நினைத்தேன். தோட்டத்தில் ஒரு ஆளைத் தூக்கி லோரியில் ஏற்ற மூன்று பேரைத்தான் அனுப்புவோம். கணக்கு சரியாக இருந்தது. போய்விட்டேன்.

ஒன்றரை ஆண்டு கழித்து எங்கள் அன்பியத்தில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தார். செங் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை, ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்ததும் தோட்டத்தை விட்டு இங்கே வாடகைக்கு வந்தவர். இரண்டாவது கூட்டத்தில் மன்றாட்டு நேரத்தில் கணவருக்காக வேண்டிக்கொண்டார். புலாவ் செபாங் சாலையில் விழுந்தாராம். அக்காள் வீட்டு மங்குஸ்தான் மூட்டையோடு வந்தாராம். மூன்று மலாய்ப் பையன்கள் மட்டும் நின்றார்களாம். அவர்களிடம் கார் இல்லை, கைப்பேசியில் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குள் எத்தனையோ கார் போயிற்றாம், ஒன்றும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமலே போய்விட்டார்.

நான் ஆமென் சொன்னேன். அதன் பிறகு அறுபத்தோரு புதன்கிழமை அந்த அம்மா இருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். என் முழங்கால் வலிக்குத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். இடியாப்பம் செய்யும் நாளில் எனக்கும் ஒரு டப்பா வரும். சொல்லிவிட்டால் அவர் வரமாட்டார், மற்றவர்களும் வரமாட்டார்கள் என்ற பயம் எனக்கு. சொல்லாமல் அந்த இடியாப்பத்தைச் சாப்பிடவும் முடியவில்லை.

முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரைக் கேட்டுப் பார்த்தேன். என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுவார்.

"கிராணிக்கு எங்க போற அவசரம்? உங்களுக்குப் புதனும் ஞாயிறும் ஒண்ணுதானலா" என்று சிரித்தார்.

வேறு வழியில்லாமல் வகுப்புக் குறிப்பை எடுத்தேன். அலெக்சாந்திரியாக்காரர்கள் கைகொடுத்தார்கள். அவர்கள் கணக்கில் வழிப்போக்கன் முதல் மனிதன். எருசலேம் அவன் இழந்த தோட்டம், எரிகோ இந்த உலகம். கள்வர்கள் தீய சக்திகள், காயங்கள் பாவங்கள். குரு என்பது திருச்சட்டம், லேவியர் என்பது இறைவாக்கினர்கள், சமாரியன் மீட்பர். சுமந்துபோன விலங்கு அவருடைய உடல். சத்திரம் திருச்சபை, இரண்டு காசு தந்தையும் மகனும். சத்திரக்காரர் சபைத் தலைவர், திரும்பி வருவேன் என்றது இரண்டாம் வருகை. மொத்தம் பதின்மூன்று பொருள். எதுவும் மிச்சமில்லை. சாலையில் நிற்காமல் போனவன் என்று ஒருவன் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. வயதான குரு கடைசி வாரம் சொன்ன ஒரு வரியும் அதே குறிப்பில் இருந்தது. இப்படி உயரப் பறந்தவர்களிலும் நல்லவர்கள் முதல் பொருளைத் தூக்கி எறிந்ததில்லை என்பது அந்த வரி. அதன்மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு மற்றதைப் பிரதி எடுத்தேன்.

அந்தப் புதன்கிழமை ஆறு பேர் வந்தார்கள். இருபத்திரண்டு நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

"அப்ப கழுதைக்கும் பொருள் இருக்கா, கிராணி?" என்றார் பஸ் டிரைவர்.

இருக்கிறது, ஆண்டவருடைய உடல் என்றேன்.

"முப்பது வருஷம் ஆள ஏத்திட்டுப் போன பஸ்ஸுக்கு ஒரு பொருளும் சொல்லலியே."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"அங்கிள், அந்த ரெண்டு பேரு, பாத்துட்டுப் போனவங்க. அவங்க ஆளுங்க இல்லியா?"

திருச்சட்டமும் இறைவாக்கினரும் என்று மறுபடி விளக்கத் தொடங்கினேன். அவர் தலையை ஆட்டினார்.

"அதுதானலா எனக்குக் கஷ்டமா இருக்கு. ஆளா இருந்தா நான் மன்னிக்கப் பாக்கலாம். சட்டத்த நான் எப்படி அங்கிள் மன்னிக்கறது?"

யாரோ பாட்டைத் தொடங்கினார்கள், மன்றாட்டு நடந்தது, தேநீர் குடித்தோம். எல்லாரும் போன பிறகு அவர் மட்டும் குவளைகளைக் கழுவ நின்றார். சமையலறை வாசலில் நின்று சொன்னேன். ரயில் நிலையம், மங்குஸ்தான், மூன்று பேர், என் கணக்கு. நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பதினைந்து மாதமாகச் சுமந்தது நான்கு வாக்கியம்தான்.

அவர் குழாயை மூடினார். அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன்.

"கண்ணு தொறந்திருந்துச்சா, அங்கிள்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. சட்டை என்ன நிறம் என்று கேட்டார். தெரியவில்லை. ஏதாவது முனகினாரா, கை அசைந்ததா என்று கேட்டார். காரின் கண்ணாடி மூடியிருந்தது. சுற்றி நின்றவர்களை எண்ணினேன், விழுந்து கிடந்தவரை நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் முகம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்ததாம். அதற்கு முன் அவரைக் கடைசியாகப் பார்த்த தமிழ் ஆள் நான் ஒருவன்தான். என்னிடம் அவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

நான்கு புதன் அவர் வரவில்லை. சளி என்று சொல்லி அனுப்பினாராம். மற்ற யாரிடமும் அவர் எதுவும் சொல்லவில்லை என்பது பஸ் டிரைவரின் கேலி மாறாததிலிருந்து தெரிந்தது. ஐந்தாவது வாரம், சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு என் கேட்டுக்கு வெளியே நின்றார். தொழிற்சாலைச் சீருடை போட்டிருந்தார்.

"ரெண்டு மணிக்கு ஷிஃப்டு. அந்த எடத்தக் காட்டுறீங்களா?"

காரில் ஏற்றிக்கொண்டு போனேன். நாற்பத்தொரு நிமிடம். செம்பனைத் தோப்பு அப்படியே இருந்தது. கால்வாய்க்குப் புதிதாகச் சிமெண்டு போட்டிருந்தார்கள். அவர் இறங்கி, எந்த இடம் என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தில் போய் நின்றுகொண்டார்.

"நீங்க அந்த வளைவுக்குப் போங்க, அங்கிள். அன்னிக்கி வந்த மாரியே வாங்க. அதே ஸ்பீடு."

வேண்டாம் என்றேன். அவர் வளைவைக் கையால் காட்டினார். போனேன். வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பி, வேகமானியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வளைவு தாண்டியதும் அவர் தெரிந்தார். நீலச் சட்டை, கையில் பை, தலையில் வெயிலுக்கு ஒரு துண்டு. தூரத்திலேயே முகம் தெரிந்தது. கண் திறந்திருந்தது. அன்று செய்ததுபோலவே வேகத்தைக் குறைத்தேன், கடந்தேன். பத்து கெஜம் தள்ளி என் கால் தானாகப் பிரேக்கில் இறங்கியது.

அவர் நடந்து வந்து பின்கதவைத் திறந்து ஏறினார். வரும்போது முன்னால் உட்கார்ந்திருந்தவர். கதவைச் சாத்தி, துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நிக்க நேரம் இருந்திருக்கு, அங்கிள்" என்றார்.

ஆமாம் என்றேன். அலோர் காஜா வந்தது, செங் வந்தது. மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது, அடுத்த புதன் யார் வீட்டில் என்று மட்டும் கேட்டார். பஸ் டிரைவர் வீட்டில் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, அட்டையைக் காவலாளியிடம் காட்டி உள்ளே போனார்.