வார்டில் இருந்த ஒரே மாஸ்க்

எனக்கு நிமோனியா வந்தபோது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டராக இருந்தேன். ஆஸ்பத்திரி வார்டில் ஒட்சிசன் கொடுக்க இரண்டே வழிகள்: மூக்கில் செருகும் ரப்பர் குழாய், மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க். மாஸ்க் ஒன்றே ஒன்றுதான். கேட்காமலே அதை எனக்கு மாட்டினார்கள். நான் கால்சட்டை போட்டவன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில், எங்கள் தோட்டத்திலேயே தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர் கிடந்தார். அவருக்குக் குழாய்.

குழாயோடு அவர் பிளேன்டீ குடித்தார், மனைவியோடு பேசினார். நானோ கஞ்சி குடிக்க மாஸ்க்கைத் தூக்கினாலே தவித்துப்போவேன். அவர்மேல் பொறாமைகூடப் பட்டேன்.

பிறகு அவர் உதடு நீலம் பாய்ந்தது. குழாய் இவருக்குப் போதாது, மாஸ்டர் தேறிவிட்டார், மாஸ்க்கை இவருக்கு மாற்றுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். சிப்பந்தி என்னிடம் வந்ததும் அந்த மனுஷன் கையை ஆட்டித் தடுத்தார்.

“மொதல்ல மாஸ்டருக்குச் சொகமாகட்டுங்க. அப்புறமா எனக்குப் போடலாம்.”

காலைப் பெரட்டில், அன்றைய வேலைக்குப் பேர் கூப்பிடும்வரை வரிசையில் நின்றே பழகியவர். சிப்பந்தி என் முகத்தைப் பார்த்தார். கழற்றி அவருக்குப் போடுங்கள் என்று நான் தலையசைத்திருந்தால் போதும். மாஸ்க் போட்டவனால் பேச முடியாது என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் கட்டில் காலி. அவருடைய கம்பளியை எடுத்துப்போக வந்த மனைவி, என் மாஸ்க் நழுவியிருப்பதைப் பார்த்து, பட்டியை இழுத்துச் சரிசெய்தார்.

“நல்லா மூச்சு விடுங்க மாஸ்டர்” என்றார்.