ஓட்டையை அடைக்காமல் காஸ் போட மாட்டேன்

பிரிட்ஜ் திருத்துகிறவளை யாரும் நல்ல மனநிலையில் கூப்பிடுவதில்லை. பால் திரிந்து, மீன் நாறி, வீட்டில் ஒரு சண்டையும் முடிந்த பிறகுதான் எனக்குப் போன் வரும். புதுக்குடியிருப்பில் கடை வைத்திருக்கிறேன். பெண் என்பதால் எனக்கு ஒரு சண்டை, பழைய காஸை வெளியே விடமாட்டேன் என்பதால் இன்னொரு சண்டை. அந்தக் காஸ் மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கிறது, வெளியே விடாதே என்கிறது சட்டம். இறக்குமதியையும் வருடா வருடம் குறைக்கிறார்கள். சட்டம் போட்டவர்கள் கொழும்பில், பேச்சு வாங்குவது நாங்கள். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சத்தம் எங்கே?

முள்ளியவளையில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வீடு. மிகப் பழைய பிரிட்ஜ், கொம்பிரஸர் மாற்ற வேண்டும். முன்பெல்லாம் எங்கள் ஆட்கள் குழாயை வெட்டியதும் காஸ் 'உஸ்ஸ்' என்று முற்றம் முழுக்கச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால்தான் வேலை தொடங்கிவிட்டது என்று வீட்டுக்காரருக்குத் திருப்தி. நான் மெஷினை மாட்டி, பழைய காஸை ஒரு சிலிண்டருக்குள் உறிஞ்சி எடுத்தேன். ரீச்சர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

"எங்கட காஸை எங்க கொண்டு போறியள்?" என்று கேட்டார். நான் அதைக் களவெடுக்கவில்லை, வெளியே விடக்கூடாது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "ஓம் பிள்ளை, விளங்குது. ஆனா சத்தத்துக்கு மட்டும் கொஞ்சம் விடுங்கோ, பக்கத்து வீட்டாக்களுக்கும் வேலை நடந்தது தெரிய வேணும்."

போஸ்டருக்கு மேலே

வவுனியாவில் ஓர் அரசாங்க அலுவலகம். எதுவென்று சொல்லமாட்டேன். சுவரில் ஓசோனைக் காக்கச் சொல்லி ஒரு போஸ்டர், அதற்கு நேர் மேலே காஸ் கசியும் ஏசி. கசிவைத் தேடி ஒட்டிவிட்டுத்தான் நிரப்பலாம், ஒரு நாள் நிறுத்துங்கள் என்றேன். அதிகாரிக்குப் பின்னேரம் கூட்டமாம். சும்மா மேலால் நிரப்பிவிடச் சொன்னார். நான் போஸ்டரைக் காட்டினேன். சாமான்களைப் பையில் போடத் தொடங்கியபோது மனிதர் அமைதியாகச் சொன்னார்: "அது சனத்துக்கு, தங்கச்சி. இது ஒஃபிஸ்."

இரண்டு கூரைகள்

ஒட்டுசுட்டானில் சோடாக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணையின் கூலரைத் திருத்தப் போனேன். அதற்கு முந்தின வாரம் யானை வந்து கடைச் சுவரை இடித்துக் கூரையையும் சரித்திருந்தது. கூரைக்குப் பதிலாகக் கட்டிய தறப்பாளுக்குக் கீழேதான் வியாபாரம். நான் காஸைச் சிலிண்டரில் பிடிப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார். சொன்னேன். படலம் மெலிந்தால் வெயிலின் கெட்ட கதிர் முதலில் சுடுவது நாள் முழுக்க வெளியில் நிற்பவரைத்தான். ஏசி அறைக்காரருக்கு ஒன்றும் ஆகாது. என் அப்பாவும் அம்மாவும் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் வயல் செய்தவர்கள். அந்த வெயில் எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தப் பிடிவாதம்.

அண்ணை தறப்பாளை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "யானை உடைச்ச கூரையைப் பாக்க இன்னும் ஒருத்தரும் வரேல்ல, வானத்தின்ர கூரைக்கு மட்டும் உங்களை அனுப்பிப்போட்டாங்கள்."

சம்மாட்டியாரின் மீன்

முல்லைத்தீவுக் கரையில் படகுகளும் மீன் சேர்த்து விற்கும் வாடியும் வைத்திருக்கும் சம்மாட்டியார் ஒருவர். கரையில் மற்ற வாடிக்காரர் எல்லாம் அவர் சொல் கேட்பவர்கள். அவர் வேண்டாம் என்றால் எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. அவருடைய குளிரறையில் குளிர் விட்டுப்போயிருந்தது. உள்ளே பாறை மீனும் இறாலும் நிறைந்திருந்தன. குழாயில் கசிவு. போன மாதம் வேறொருவர் மேலால் நிரப்பிவிட்டுப் போன காஸ் முழுக்க வானத்துக்குப் போயிருக்கிறது.

"நீயும் அடிச்சுவிட்டிட்டுப் போ பிள்ளை, பேந்து பாப்பம்," என்றார். மீனுக்கு மேல் ஐஸ் போடுங்கள், மெஷினை நிறுத்துங்கள், குழாயை ஒட்டித் தருகிறேன் என்றேன். இனி இந்தக் கரையில் உனக்கு வேலையில்லை என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார்.  "சரி. ஆனா ஓட்டையை அடைக்காமல் காஸ் போடமாட்டன்," என்று சொல்லிவிட்டு வாடி வாசலில் என் சிலிண்டருக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். போகவில்லை.

அவர் போனை எடுத்து வேறு திருத்துகிறவர்களைக் கூப்பிட்டார். ஒருவரிடம் காஸ் இல்லை, கடையில் கொடுக்கிறார்கள் இல்லையாம். இன்னொருவர் நாளை மறுநாள்தான் வருவேன் என்றார். மீன் அதுவரை இருக்காது. கடைசியில் ஐஸுக்குப் போன் போட்டார். பிறகு ஐஸ் லொறி வந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே கட்டி கட்டியாகச் சுமந்து மீனுக்கு மேல் அடுக்கினார். பொழுது சாயும்போது குழாய் ஒட்டி, காஸ் ஏற்றி, அறை குளிர்ந்தது. இறால் ஒன்றும் கெடவில்லை. அவர் தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "வானத்துக்கு என்ன நடந்தாலும் எனக்குக் கவலையில்லை பிள்ளை. நான் ஐஸ் சுமந்தது உனக்குப் பயந்து."

ஓசோன் படலம் தேறுகிறதா என்று எனக்குத் தெரியாது, முல்லைத்தீவுக் கரையில் ஒரு சம்மாட்டியார் தேறிவிட்டார், மிச்ச ஆட்களுக்காக நான் கடையைத் திறந்தே வைத்திருக்கிறேன்.