கத்தரிக்காட்டு மண்ணும் என் ஒரு மாத வேலையும்

மண்ணைச் சலித்துக் கண்ணாடிக் குழாயில் போட ஆள் வேண்டும் என்றபோது, இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். அதுவரை வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன், படித்தது ஆறாவது. பிள்ளை பிறந்த பிறகு, கைக்குழந்தையோடு கம்பெனிக்குள் விடவில்லை. அவிநாசிப் பக்கம் மண் பரிசோதனை செய்த மேடம்தான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வா, ஒரு மாதம் பார்க்கலாம், சரிவராவிட்டால் வேறு ஆள் என்றார். மேசைக்கடியில் பிள்ளையைத் தூங்கப் போட்டு வேலை பார்த்தவர்களுக்கு, அந்தப் 'பார்க்கலாம்' என்ன பாடு படுத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கெட்டியான பை

பூச்சிமருந்து மிச்சம் மண்ணில் தங்கித் தங்கி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைச் சுணங்க வைத்துவிடுமாம். மண்ணில் ஒரு கரைசலை ஊற்றி ஒரு நாள் வைத்தால், அவை வேலை செய்கிற மண் சிவக்கும். இல்லாவிட்டால் வெளிறிக் கிடக்கும். நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கத்துக் கத்தரிக்காட்டுக்காரர் ஒருவர் இதைப் பார்க்க வந்தார். நாலு வருசமாகக் குருணை மருந்து போடுகிறார், காய்ப்போ குறைந்துகொண்டே வருகிறது.

அவர் மண் கொண்டுவந்த பையில் மண்டையோட்டுப் படம் போட்டிருந்தது. குருணை வந்த அதே கெட்டியான பை. அதை அப்படியே மேடம் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். மேடம் கேட்டதற்கு அவர் சொன்னார்: "ரெண்டு தண்ணி அலசித்தானுங்க கொண்டாந்தேன், வாசமே வராதுங்க."

சிங்காரித்த மண்

மேடம் திருப்பி அனுப்ப, அடுத்த தடவை புதுப் பையில் வந்தது. கரைசலை ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே ரத்தமாய்ச் சிவந்தது. மேடம் மிச்ச மண்ணை முகர்ந்து பார்த்தார். சாணி வாசம். விசாரித்ததில், காட்டில் எடுக்கவில்லை, எருக்குழி ஓரத்தில் எடுத்தது என்று தெரிந்தது. அவர் கொஞ்சமும் கூசவில்லை: "பொண்ணு பார்க்க வர்றப்ப, இருக்கறதுல நல்ல சீலையைத்தானுங்க கட்டி நிறுத்துவோம்?"

மொட்டைமாடி

மூன்றாவது முறை ஒழுங்காக வந்தது. கத்தரிக்காட்டு மண் ஒரு பை. ஒப்பிட்டுப் பார்க்க, வீட்டுக்குக் கீரை போடுகிற, மருந்தே படாத பாத்தி மண் ஒரு பை. வீட்டார் சாப்பிடுகிற கீரைக்கு மட்டும் மருந்து கிடையாதாம். இரண்டும் ஈரமாக இருந்தன. கம்பெனியில் துணியை ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும், நமக்குத் திட்டு விழும். அந்தப் புத்தியில், பகல் முழுக்க மொட்டைமாடி வெயிலில் பரப்பிக் காயவைத்துத்தான் சலித்தேன். கேட்டுச் செய்திருக்கலாம், கேட்க வெட்கம்.

மறுநாள் இரண்டுமே சிவக்கவில்லை. கீரைப் பாத்தி வரைக்கும் மருந்து போய்விட்டது போல என்று மேடம் எழுத ஆரம்பித்தார். மருந்தே படாத மண்ணும் வெளிறியிருந்தால், நான் வெயிலில் காயவைத்ததுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. மாதம் முடிய நாலு நாள் இருந்தது. வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும். அந்த மனுசர் நல்ல பாத்தியையும் செத்துப்போனதாக நினைத்து விட்டுவிடுவார். மேசைக்கடியில் தூங்கிய பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, மருந்து இல்லை, நான்தான் வெயிலில் போட்டுக் கொன்றுவிட்டேன் என்று சொன்னேன். மேடம் பேனாவை மூடினார். "இதுக்கு ஈர மண்தான் வேணும். நீயே போய் அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லி, வாங்கிட்டு வா."

நாலாவது பை

அவரிடம் செல்போன் கிடையாது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சு, அவரைக் கண்டதும் மறந்துவிட்டது. பாதி அழுகையில் சொன்னேன். அவர் திட்டவில்லை, மண்வெட்டியை எடுத்தார்.

மறுநாள் கீரைப் பாத்தி மண் செக்கச்செவேல் என்றிருந்தது. கத்தரிக்காட்டு மண், நான் வெயிலில் போட்டது மாதிரியே வெளிறிக் கிடந்தது. முடிவு கேட்க வந்தவர் இரண்டு குழாயையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்: "அம்மிணி ஒரே பகல்ல செஞ்ச வேலைக்கு எனக்கு நாலு வருசம் புடிச்சிருக்குதுங்க."

மாதம் முடிந்தும் மேடம் வேறு ஆள் தேடவில்லை. மண்ணைக் கொன்றதை ஒப்புக்கொண்டு வேலை நிரந்தரமானவள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.