மெக்கானிக்குக் கிடைத்த வாய்

தையல் மெஷினின் தலையில் இடது உள்ளங்கையை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வலது கை காற்றில் ஒரு சுழற்றுச் சுழற்றும். மிதி என்று அர்த்தம். அவர் கண்ணைத் திறக்கும்வரை தையல்காரப் பெண் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நல்ல மெஷின் நாலே மிதியில் தன் வியாதியைச் சொல்லிவிடும். சிலது அடம் பிடிக்கும். கண்ணைத் திறந்ததும் ஷட்டிலோ, பெல்ட்டோ, அடியில் அடைத்துக் கிடக்கிற பஞ்சோ, நேராக அந்த இடத்துக்கே ஸ்க்ரூடிரைவர் போகும். மற்ற மெக்கானிக்குகள் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். இவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது.

வயது ஐம்பத்திரண்டு. எண்ணெய்க் கறை இல்லாத சட்டை ஒன்றுகூடக் கிடையாது. மழுங்கின ஊசிகளை ஒரு மாத்திரை டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். தைப்பவர் கண் முன்னால் ஊசியைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டி, குற்றவாளியைப் பிடித்துப் போடுகிற மாதிரி டப்பாவில் போட்டு மூடுவார்.

தொழில் கற்ற நாளிலிருந்து அவருடைய சைக்கிளின் பின்னால் அக்கா உட்கார்ந்திருப்பாள். காது கேளாதோர் பள்ளியில் பத்தாவது வரை படித்தவர்தான், நன்றாக எழுதுவார், படிப்பார். ஆனால் வாசலில் நிற்கிறவனுக்காகக் காகிதமும் பேனாவும் தேட யாருக்குப் பொறுமை இருக்கிறது? அக்கா கதவைத் தட்டுவாள், கேட்பாள், கையால் தம்பிக்குச் சொல்வாள். தம்பி கையால் சொல்வதை வாயால் சொல்வாள். ஒரே ஒரு தொல்லை, அக்காவுக்கு ரொம்ப நல்ல மனசு. 'இது மெஷினா, துருச்சுரங்கமா? கடைசியாக எண்ணெய் விட்டது உங்கள் கல்யாணத்துக்கு முந்தியா பிந்தியா?' என்று தம்பி பத்து விரலாலும் பொரிந்து தள்ளுவார். அக்கா சிரித்த முகமாக, "கொஞ்சம் எண்ணெய் விட்டுக்கிட்டா நல்லதுங்க" என்பாள். இவ்வளவு நேரம் கையாட்டியதற்கு அக்காவின் உதடு அசைந்தது இவ்வளவுதானா என்று அவர் முறைப்பார். வீட்டுக்காரர்கள் இவரைப் பார்த்து ஏதோ சொல்வார்கள். உதட்டை வைத்தே அவருக்குச் சட்டென்று பிடிபடுகிற சொல் ஒன்று உண்டு. 'பாவம்.' அதை நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தார், பதினைந்து வருஷம்.

அக்காவுக்குக் கல்யாணமாயிற்று. போகும்போது தம்பியின் கையில் ஒரு பட்டன் போனைத் திணித்துவிட்டு அழுதுகொண்டே போனாள். காது கேளாதவனுக்குப் போன் எதற்கு என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவர் ஒரு பெயின்ட் டப்பாவும் தூரிகையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், ஒவ்வொரு மெஷினின் பலகைக்கு அடியிலும் தன் நம்பரை எழுதிவிட்டு வந்தார்.

ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழைத் தட்டிய காலம் அது. மூன்றாம் நாள் சட்டைப் பையில், நெஞ்சுக்கு மேலே, குறுகுறுவென்று அதிர்ந்தது. மெஷின் நூலை அறுக்கிறதாம். அவர் பதில் போட்டார்: "வரேன். அதுவரைக்கும் மெஷினைத் தொடாதீங்க." அடுத்தவருக்கு: "எண்ணெய் விட்டேன்னு பொய் சொல்லாதீங்க. உங்க மெஷின் என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடும்." தையல்காரப் பெண்கள் அதை ஒருவருக்கொருவர் காட்டிக்காட்டிச் சிரித்தார்கள். அடேயப்பா, நம்ம மெக்கானிக்குக்கு இவ்வளவு வாயா! சாது என்று எண்ணியிருந்த ஆளுக்கு ஒரே மாதத்தில் 'ஊசி' என்று பட்டப்பெயர் விழுந்தது. அது தெரிந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. பாவத்திலிருந்து ஊசிக்கு வருவது லேசுப்பட்ட காரியமா?

அந்த வாய்க்குத்தான் திரைச்சீலை தைக்கிற ஒரு பெண் மயங்கினார். அவருடைய மெஷின் ஒரே மாதத்தில் மூன்று தடவை பழுதானது. மூன்றாம் தடவை மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்திருந்தவருக்கு மெசேஜ் அனுப்பினார்: "இந்த ஸ்க்ரூ தானாக் கழலாது." எதிரிலிருந்து பதில் வந்தது: "தெரியும்." அந்தப் போனில் நூற்றைம்பது மெசேஜ்தான் நிற்கும், புதிதாக ஒன்று வர வேண்டுமானால் பழையதில் ஒன்றை அழிக்க வேண்டும். சாயங்காலம் அந்தப் பெண்ணின் மெசேஜ்கள் வர ஆரம்பித்தால் திண்டாட்டம்தான். யார் யாருடைய நூல் புகாரோ பெல்ட் புகாரோ அழிந்து போகும். 'தெரியும்' மட்டும் கல்யாணத்துக்குப் பிறகும், குழந்தை பிறந்த பிறகும், அந்தப் போன் உயிரை விடுகிற வரைக்கும் இருந்தது. அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் அவர் கட்டைவிரல்கள் இரண்டும் வெறும் காற்றில் பட்டன் அமுக்கிக் காட்டும்.

இப்போது கையில் இருப்பது பெரிய தொடுதிரைப் போன். ஊரும் எழுதுவதை விட்டுவிட்டது. மைக் படத்தை அமுக்கிக்கொண்டு பேசி அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கு வருவது ஒரு பட்டையும் அதில் சில கோடுகளும். பேச்சை எழுத்தாக்குகிற செயலி ஒன்றையும் போட்டுப் பார்த்தார். நாற்பது மெஷின் ஓடுகிற தையல் கூடத்திலிருந்து வந்த பேச்சை அது கண்டபடி உளறி வைத்தது. அந்தக் கூடம்தான் வீட்டுக்குச் சோறு போடுகிறது. வருஷக் காண்ட்ராக்ட். புதிதாக வந்த மேனேஜர் பேச்சுப் பிரியர், நாளைக்கு எட்டுக் குரல் மெசேஜ். மனைவி கேட்டு எழுதிக் கொடுப்பார். இவர் கையால் சொல்கிற பதிலை மனைவியே பேசி அனுப்புவார். ஆறு மாதம் இப்படியே ஓடியது.

போன வாரம் கூடத்தில் மேனேஜர் அவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். உதடு சேர்ந்தது, விரிந்தது, மறுபடி சேர்ந்தது. இருபது வருஷமாகப் பார்க்காத அந்தச் சொல்!

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் காகிதத்தை நீட்டி, முந்தின நாள் தன் பதிலாக என்ன பேசினாய், ஒரு சொல் விடாமல் எழுது என்று கேட்டார். மெக்கானிக் சொல்லச் சொன்னது இது: "பன்னெண்டாம் மெஷின் மோட்டார் வயர்ல வெறும் டேப்பைச் சுத்தி வெச்சிருக்கீங்க. கை பட்டா ஆள் போயிடும். மாத்துற வரைக்கும் வேற எந்த மெஷினையும் தொட மாட்டேன்." மனைவி தயங்கித் தயங்கி எழுதிக் கொடுத்தது: "சார், நேரம் கிடைக்கிறப்ப அந்த வயரைக் கொஞ்சம் பாத்துக்குங்க." காண்ட்ராக்ட் முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது, கோபித்துக்கொண்டு வேறு ஆளைப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்துவிட்டேன் என்று மனைவி கையால் சொன்னார். மெக்கானிக்குக்குக் கோபத்தைவிடப் பயம்தான் வந்தது. பன்னிரண்டாம் மெஷினில் உட்காருகிறவள் கைக்குழந்தைக்காரி.

மறுநாள் காலை மேனேஜரின் கண்ணாடி அறையில் போய் நின்றார். தன் மெசேஜை ஒரு எழுத்து குறையாமல் தட்டி, அவர் கண் முன்னாலேயே அனுப்பினார். மேனேஜர் படித்தார், முகம் சிவந்தது. போனை வாய்க்கு நேரே தூக்கி, மைக்கை அமுக்கி, எதிரில் நிற்கிற மனிதருக்கே பேச ஆரம்பித்தார்.

மெக்கானிக் மேஜையைச் சுற்றிக்கொண்டு போனார். மேனேஜரின் கட்டைவிரலை மெதுவாக மைக்கிலிருந்து எடுத்தார். காலிக் கட்டத்தைத் தொட்டார். எழுத்துகள் வரிசையாக மேலே வந்தன. மேனேஜரின் விரலை அதன் மேல் வைத்துவிட்டு விலகி நின்றார்.

மேனேஜர் திரையைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் எழுத்து எழுத்தாகத் தேடினார். மெக்கானிக்கின் சட்டைப் பை அதிர்ந்தது.

"எந்த வயர்?"

மெக்கானிக் கருவிப் பெட்டியைக் கீழே வைத்தார். யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரலாலும் பதில் தட்ட ஆரம்பித்தார். நீளமான பதில்.