கம்பெனியோட சேத்து என்னையும் வாங்கின கதை

மெர்ஜர்னா என்னன்னா கேட்டீங்க? ஸ்டோர் சூப்பர்வைசர் வேலையில ஒரு ஆணி உள்ள வந்தாலும் வெளிய போனாலும் என் கையெழுத்து வேணும்; கம்பெனியே கைமாறினப்ப மட்டும் யாரும் என்கிட்ட கேக்கல. பிரிக்பீல்ட்ஸ்ல நைட் கிளாஸ் படிச்சப்போ ரெண்டு கம்பெனி ஒண்ணாகுறதைக் காட்ட லெக்சரர் போர்டுல ரெண்டு வட்டம் போட்டு நடுவுல ஒரு அம்புக்குறி வரைஞ்சாரு. அந்த அம்புக்கு அடியில நாம நிப்போம்னு அவர் சொல்லல.

மேருங்கிற ஊர்ல எங்களோடது மசாலாத்தூள் பேக்டரி. பங்சார்ல இருக்கிற ஒரு பெரிய கம்பெனி வாங்கிருச்சு. எனக்கு ஒரே கவலை, என்னோட பதினெட்டு வருஷ சர்வீஸ். அதை அழிச்சிட்டு என்னைப் புது ஆளா சேத்தாங்கன்னா, நாளைக்கு வீட்டுக்கு அனுப்பும்போது நேத்து வந்தவனுக்குக் குடுக்கிறதைத்தான் எனக்கும் குடுப்பாங்க. உங்க கம்பெனியையும் யாராவது வாங்கியிருந்தா இந்த வயித்தெரிச்சல் உங்களுக்கே தெரியும்.

எலுமிச்சம்பழம்

வாங்குறதுக்கு முன்னால எல்லாத்தையும் தோண்டிப் பாக்க டை கட்டின ரெண்டு பேர் வந்தாங்க. டியூ டிலிஜென்ஸ்னு பேரு. பொண்ணு பாக்க வர்ற மாதிரிதான்; கேசரியைச் சாப்பிட்டுட்டுப் பல்லையும் எண்ணுவாங்க.

லோரி ரிப்பேர் செலவுல மாசாமாசம் எலுமிச்சம்பழம் ஏன் வருதுன்னு அதுல ஒருத்தர், மிஸ்டர் லிம், கேட்டாரு. வெள்ளிக்கிழமை பூசை போட்டு, டயருக்கு அடியில பழத்தை வச்சு நசுக்கிட்டுத்தான் லோரியை எடுப்போம்னு விளக்கினேன். மனுஷன் சிரிக்கல. ஆக்சிடென்ட் பைலை எடுத்து ரொம்ப நேரம் புரட்டினாரு. அப்புறம் சொன்னாரு: "எங்க லோரியை விட உங்க ரெக்கார்டு நல்லா இருக்கு லா அங்கிள். இதை மட்டும் கட் பண்ணாதீங்க."

ஒரே குடும்பம்

அடுத்த மாசம் பங்சார்ல ஒரு ஹோட்டல் ஹால்ல கூட்டம். புது டைரக்டர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, எதுவும் மாறாது, இனிமே நாம ஒரே குடும்பம்னு ஏழெட்டுத் தடவை சொன்னாரு. எங்க பழைய சர்வீஸ் என்னாகும்னு நான் கையைத் தூக்கிக் கேட்டேன். ரொம்ப நல்ல கேள்வின்னு பாராட்டிட்டு அடுத்த ஆள் பக்கம் திரும்பிட்டாரு.

மேருக்குத் திரும்பி வந்து பாத்தா, எதுவும் மாறாதுன்னு சொன்ன அன்னைக்கே கேட்ல போர்டு மாறியிருந்துச்சு. லோரி டிரைவர் மணியம் அதை அண்ணாந்து பாத்துட்டுச் சொன்னான்: "எங்க வீட்டுல இப்படி குடும்பம் குடும்பம்னு பேச ஆரம்பிச்ச மறுநாளே வக்கீல் வந்துட்டான் அண்ணே."

என் வேலைக்கு நானே மனு

அப்புறம் ஒரு சர்க்குலர். எல்லாரும் அவங்கவங்க வேலைக்கு அவங்கவங்களே திரும்ப மனு போடணுமாம். சுபாங் ஜெயாவுல இருந்து எச்.ஆர். பொண்ணு பிரியா வந்து மாடியில இன்டர்வியூ வச்சுச்சு. இந்தக் கம்பெனியில ஏன் சேர விரும்புறீங்கன்னு முதல் கேள்வி. நான் எங்கயும் வந்து சேரலம்மா, நீங்கதான் என்கிட்ட வந்து சேந்தீங்கன்னு சொன்னேன். பாவம், அதையும் பாரத்துல எழுதிக்கிச்சு.

கடைசியில புது வேலை லெட்டர் ஒண்ணைக் குடுத்துச்சு. நைட் கிளாஸ்ல உருப்படியா கத்துக்கிட்டது ஒண்ணுதான், கடைசி வரி வரைக்கும் படிக்கிறது. வேலையில சேந்த தேதி இந்த மாசம் ஒண்ணாம் தேதி, ஆறு மாசம் புரொபேஷன். பதினெட்டு வருஷம் அந்தத் தாள்ல எங்கயும் இல்ல. தேதிக்கு அடியில சிவப்புக் கோடு போட்டு, கையெழுத்து வைக்காம திருப்பிக் குடுத்துட்டேன். கீழ வந்து மணியத்துக்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். சாயங்காலத்துக்குள்ள இன்னும் பதினோரு லெட்டர் சிவப்புக் கோட்டோட மாடிக்குப் போச்சு. பிரியா படியிறங்கி வந்து சொன்னுச்சு: "அங்கிள், இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எங்க டெம்ப்ளேட்ல இல்லையே."

அது ஆகி மூணு வாரமாச்சு. அதோ, மாடியில இருந்து அதே பொண்ணுதான் கூப்பிடுது: "அங்கிள், எல்லாருக்கும் புது லெட்டர் வந்திருச்சு. பழைய தேதிதான் போட்டிருக்கு, வாங்க."

சுருக்கமா சொன்னா, கம்பெனி கைமாறும்போது மெஷினும் லோரியும் லிஸ்ட்டுல ஏறி சொகுசா போயிரும், மனுஷன் மட்டும் தன்னோட வருஷத்தைத் தானே தூக்கிட்டுப் போகணும். இருங்க, கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டு வரேன்.